தக்காளி நன்றாக விளைந்தால் நட்டம் ஏன்? நுண்ணியல், பேரியல் பொருளாதாரத்தின் அடிப்படைகள்

பாளையங்கோட்டையில் இளங்கலைப் பொருளாதாரம் முதலாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆலங்குளம் பக்கம் எங்கள் வீட்டில் தக்காளிப் பயிர் வைக்கிறோம். விலை குறைந்தால் தேவை கூடும் என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் நன்றாக விளைந்த ஆண்டில் கூடுதலாக விற்று நாங்கள் செழிக்க வேண்டும், நடப்பதோ தலைகீழ். ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றி விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது என்றும் சொல்கிறார்கள். மும்பையில் ஏறும் வட்டி, பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி விலையை எப்படிக் குறைக்கும்? நுண்ணியல், பேரியல் என்று இரண்டு தாளாகப் பிரித்து நடத்துவதில் பொருள் ஏதும் இருக்கிறதா?"

பொருள் இருக்கிறது. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நூலும் ஒன்றுதான்: ஒரு விவசாயி தனியாகச் செய்தால் பலன் தருகிற காரியத்தை ஊரே சேர்ந்து செய்யும்போது அந்தப் பலன் கிடைப்பதில்லை. தனியொருவரின் முடிவையும் தனியொரு பொருளின் சந்தையையும் ஆராய்வது நுண்ணியல் பொருளாதாரம். அந்த முடிவுகள் அனைத்தும் கூடி நாட்டின் மொத்த உற்பத்தி, வேலைவாய்ப்பு, பொது விலைமட்டம், வட்டி, நாணய மதிப்பு என்று உருவெடுக்கும்போது என்ன நிகழ்கிறது என்று ஆராய்வது பேரியல் பொருளாதாரம். தனித்தனிக் கணக்குகளைக் கூட்டினாலே மொத்தக் கணக்கு வந்துவிடும் என்றால் ஒரே தாள் போதும். அப்படி வருவதில்லை.

முதலில் வாய்ப்புச் செலவை, அதாவது ஒன்றைத் தேர்ந்ததற்காகக் கைவிட்ட அடுத்த சிறந்த வழியின் வருமானத்தை, புரிந்துகொள்ளுங்கள். பாடப்புத்தகங்கள் இரண்டு வரியில் கடந்துவிடும் இந்தக் கருத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று நெல்லுக்கு இரண்டு பருவம். ஏறத்தாழ ஜூனில் தொடங்குவது கார். அக்டோபரில் தொடங்கி மாசி, பங்குனி வரை போவது பிசானம். சேரன்மாதேவிப் பக்கத்திலோ களக்காட்டுப் பக்கத்திலோ ஒருவர் அந்த வயலில் ஏத்தன் வாழை வைக்கிறார் என்று கொள்வோம். வாழை ஏறத்தாழ ஓராண்டு வயலைப் பிடித்துக்கொள்ளும். காரும் போயிற்று, பிசானமும் போயிற்று. கணக்குக்காக, ஏக்கருக்கு வாழையில் செலவு போக 90,000 ரூபாய் நிற்கிறது என்றும், காரில் 20,000, பிசானத்தில் 30,000 நின்றிருக்கும் என்றும் வைத்துக்கொண்டால், வாழையினால் அவருக்கு உண்மையில் கூடுதலாகக் கிடைத்தது 40,000 மட்டுமே. மாட்டுக்கு வைக்கோல் இல்லாமல் போனதையும், காற்றில் வாழை சாயும் அபாயத்தையும் சேர்த்தால் அதுவும் குறையும். "சொந்த நிலம்தானே, குத்தகை கொடுக்க வேண்டியதில்லையே" என்று பலர் நிலத்துக்குச் செலவே எழுதுவதில்லை. ஆனால் அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் தொகை அவர் கைவிட்ட வருமானம். பணமாகக் கைமாறாவிட்டாலும் அது செலவுதான். வீட்டார் எல்லோரும் காட்டில் இறங்கிச் செய்த வேலைக்கும் இதே கணக்குதான். விவசாயக் குடும்பங்கள் பல, ஏட்டில் லாபம் தெரிந்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று வருந்துவதற்கு ஒரு முக்கியக் காரணம், இந்தச் செலவு எந்த நோட்டிலும் ஏறாததுதான்.

இனி தக்காளிக்கு வருவோம். உங்கள் வாக்கியத்தில் ஒரு திருத்தம் தேவை. விலை குறைந்தால் கூடுவது வாங்கும் அளவு. தேவை கூடுவது வேறு நிகழ்ச்சி. ஓணம் நெருங்கும்போது கேரள வியாபாரிகள் ஏத்தன் குலைகளைத் தேடி வருவார்கள். அப்போது பழைய விலையிலேயே முன்பைவிட அதிகம் வாங்க ஆள் இருக்கிறது. தேவைக் கோடு (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) முழுவதுமாக வலப்புறம் நகர்ந்துவிட்டது. விலையும் ஏறுகிறது, விற்கும் அளவும் ஏறுகிறது. விளைச்சல் மிகுந்து தக்காளி விலை இறங்கும்போது நகர்வது அளிப்புக் கோடு (எந்த விலைக்கு எவ்வளவு விற்பனைக்கு வரும் என்று காட்டும் கோடு). தேவைக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாம் அதன்மேல் கீழ்நோக்கி வருகிறோம். விலை இறங்கி அளவு ஏறுகிறது. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு வரும் எதுவுமே விளங்காது. தேர்வில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

நல்ல விளைச்சல் ஏன் நட்டமாகிறது என்பதற்கு விடை நெகிழ்ச்சியில் இருக்கிறது. விலை நூற்றுக்கு ஒன்று மாறினால் மக்கள் வாங்கும் அளவு நூற்றுக்கு எவ்வளவு மாறுகிறது என்பதே தேவை நெகிழ்ச்சி. தக்காளி விலை பாதியானாலும் எந்த வீட்டிலும் ரசத்தில் இரு மடங்கு தக்காளி கரைப்பதில்லை. வாரத்துக்கு ஒரு கிலோ வாங்கும் வீடு ஒன்றேகால் கிலோ வாங்கும், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் வாங்கினால் அழுகிப்போகும். ஆகவே கூடுதலாக வந்த சரக்கு அத்தனையையும் மக்கள் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், விலை மிகவும் அதிகமாக இறங்கியாக வேண்டும்.

எண்ணில் பாருங்கள்; எண்கள் கணக்குக்காக வைத்தவை. வழக்கமான பருவத்தில் நீங்கள் 100 பெட்டி விற்கிறீர்கள். பெட்டி 250 ரூபாய், வரவு 25,000. அடுத்த பருவத்தில் மழை சரியாகப் பெய்து உங்களுக்கு 120 பெட்டி விளைகிறது. மற்றவர்களுக்கு எப்போதும்போல் விளைந்திருந்தால், சந்தைக்கு வரும் பல்லாயிரம் பெட்டிகளில் உங்கள் இருபது பெட்டி ஒரு பொருட்டே ஆகாது. விலை 250லேயே நிற்கும், வரவு 30,000. ஆனால் மழை உங்கள் காட்டுக்கு மட்டும் பெய்யவில்லை. கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம் வட்டாரம் முழுவதும் நூற்றுக்கு இருபது கூடுதலாக விளைந்திருக்கிறது. நெகிழ்ச்சி ஏறத்தாழ 0.5 என்றால், இருபது விழுக்காடு கூடுதல் சரக்கு விற்க விலை நாற்பது விழுக்காடு இறங்க வேண்டும். பெட்டி 150. உங்கள் 120 பெட்டிக்கு வரவு 18,000. கூடுதலாகப் பறித்து, கூடுதலாகச் சுமந்து, 7,000 ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள். நீங்கள் உழைக்காததனால் வந்த இழப்பன்று இது. எல்லோரும் நன்றாக உழைத்ததனால் வந்தது. எதிரும் உண்மை: வட்டாரம் முழுவதும் விளைச்சல் சற்றுக் குறைந்த ஆண்டில், முற்றிலும் அழியாத பயிரை வைத்திருப்பவர் கையில் பணம் சேரும்.

இதன் தொடர்ச்சியாக, விலை அடிமட்டத்துக்குப் போகும்போது பழத்தைப் பறிக்காமலே காட்டில் விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆடு மாடுகளை இறக்கிவிடுவார்கள். வெளியூர்ப் பத்திரிகைகளில் அந்தப் படம் வரும்போது, பார்ப்பவர்கள் விவசாயி கோபத்தில் செய்கிறார் என்று நினைப்பதுண்டு. அது கோபமே அன்று, சுத்தமான கணக்கு. நாற்று, உரம், மருந்து, உழவு, களையெடுப்பு ஆகியவற்றுக்குப் போட்ட பணம் பறித்தாலும் திரும்பாது, பறிக்காவிட்டாலும் திரும்பாது. அன்றைய முடிவில் அதற்கு இடமில்லை. ஒரு பெட்டிக்குப் பறிகூலி 40, வண்டி வாடகை 25, இறக்குகூலியும் கமிஷனும் 15 என்றால், சந்தை வரை கொண்டுபோக இன்னும் 80 ரூபாய் ஆகும். பெட்டி 100 ரூபாய்க்குப் போகிறது என்றால், மொத்த அடக்கம் 180 ஆயிருந்தாலும் பறிப்பதே சரி. போட்டதில் இருபதாவது மீளும். பெட்டி 60 ரூபாய் என்றால் பறிக்கும் ஒவ்வொரு பெட்டியும் நட்டத்தை இருபது ரூபாய் ஏற்றும். விற்கும் விலை, மாறும் செலவுக்கு (உற்பத்தி அளவோடு கூடிக் குறையும் செலவுக்கு) கீழே இறங்கினால் குறுகிய காலத்தில் உற்பத்தியை நிறுத்துவதே நட்டத்தைக் குறைக்கும் என்ற விதி, பெரிய ஆலைக்கும் இதே வடிவில்தான் பொருந்துகிறது.

அடிபட்டவர்கள் அடுத்த தடவை தக்காளியை விட்டுச் சின்ன வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ மாறுவார்கள். தக்காளி குறைந்து விலை ஏறும். ஏறிய விலையைப் பார்த்து எல்லோரும் மீண்டும் தக்காளி நடுவார்கள். நட்டது காய்ப்புக்கு வர இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். அதற்குள் விலை சரிந்திருக்கும். இன்றைய விலையை வைத்து நாளைய விளைச்சலை முடிவு செய்யும் இந்தச் சுழலுக்குச் சிலந்திவலைக் கோட்பாடு என்று பெயர். "கூடுதலாக விளைவியுங்கள்" என்று விவசாயிக்கு அறிவுரை கூறுவதால் இதற்கு விடிவு கிடைக்காது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. குளிர்பதனக் கிடங்கும், தக்காளியைச் சாறாகவும் விழுதாகவும் மாற்றும் ஆலையும் மிகுசரக்கை வாங்கி விலைக்கு ஓர் அடிமட்டம் போடும். எந்த வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறது என்ற செய்தி நடவுக்கு முன்பே கிடைத்தால் பாதிச் சுழல் அடங்கும்.

மேலே சொன்னதெல்லாம், விற்பவரும் வாங்குபவரும் ஏராளமாக இருந்து, தனியொருவரால் விலையை அசைக்க முடியாத சந்தைக்கு உரியது. எல்லாச் சந்தையும் அப்படியிருப்பதில்லை. இதற்கு நம் பக்கத்து வரலாற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது, தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. சுதேசிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. பிறகு பயணிகளை இலவசமாகவே ஏற்றுவதாகவும் குடை தருவதாகவும் ஆசை காட்டியது. இலவசப் பயணத்தில் அன்றைக்கு லாபம் வர வழியே இல்லை. போட்டியாளர் ஒழிந்த பிறகு பழைய கட்டணத்தை வசூலிக்கலாம் என்ற கணக்கு மட்டுமே அதில் இருக்க முடியும். பெரிய முதல் வைத்திருப்பவர் நட்டத்தை நெடுநாள் தாங்குவார், சிறிய முதல் தாங்காது. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. இன்று நாடுகளில் போட்டிச் சட்டங்கள் தடுக்க முயலும் கொள்ளைவிலை உத்தி இதுதான். விலை குறைவு எப்போதுமே நுகர்வோருக்கு நன்மை என்று பாடத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்தவர் சொல்லிவிடுவார். அந்த விலை யாரால், எதற்காக, எவ்வளவு காலத்துக்குக் குறைக்கப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

உழைப்புச் சந்தையிலும் இதே பலம்–பலவீனம் உண்டு. முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு, இலையும் தூளும் கொடுத்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி தருபவர்கள் அந்த ஊரில் சிலரே. வாங்குவோர் குறைவாக இருக்கும் சந்தையில் கூலி, அந்த உழைப்பு ஈட்டித் தரும் மதிப்புக்குக் கீழே நின்றுவிடும். கூலி போதாது என்று ஒருத்தி மட்டும் மறுத்தால் அவளுக்கு இலை கிடைக்காது, அவ்வளவுதான். இங்கே தக்காளிக் கணக்கு திரும்பி நிற்பதைக் கவனியுங்கள்: தனியாகச் செய்தால் பலனற்றது, சேர்ந்து செய்தால் பலன் தருகிறது. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் ஒன்றாக வேலையை நிறுத்தியபோது கூலி உயர்வையும் ஓய்வுநாளையும் பெற்றார்கள். ஆற்று நீருக்கும் இது பொருந்தும். வாய்மடையில் இருப்பவர் தம் வயலுக்குத் தேவைக்கு மேல் பாய்ச்சினால் அவருக்கு எந்தச் செலவும் கூடாது. நட்டம் முழுவதும் கடைமடைக்காரருக்கு. ஒருவர் செயலின் சுமை அந்தக் கொடுக்கல் வாங்கலில் இல்லாத மற்றொருவர் தலையில் விழுவதைப் புறவிளைவு என்கிறோம். விலை மட்டும் இதைச் சரிசெய்யாது. முறைப்பாசனம் போன்ற ஏற்பாடு வேண்டும்.

இனி பேரியல். உங்கள் குடும்பம் அடுத்த ஆறு மாதம் சிக்கனமாக இருந்து சேமிக்க முடிவு செய்தால் சேமிப்பு கூடும், ஐயமில்லை. அச்சத்தால் நாட்டில் எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் அதைச் செய்தால்? ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம். துணி எடுப்பதைத் தள்ளிப்போட்டால் துணிக்கடையில் வரவு குறையும், கடைக்காரர் ஒரு பணியாளை நிறுத்துவார், அந்தப் பணியாள் ஓட்டலில் சாப்பிடுவதை நிறுத்துவார். கடைசியில் எல்லோருடைய வருமானமும் சுருங்கி, சேமிக்க நினைத்த தொகையே சேராமல் போகலாம். இதைச் சிக்கன முரண்பாடு என்பார்கள். 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் இதன் கொடுமை தெரிந்தது; 1933இல் அமெரிக்காவில் வேலை தேடியோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. கூலி இறங்கினால் வேலை தானாகப் பெருகும் என்ற பழைய நம்பிக்கையை மறுத்து, மொத்தத் தேவை குறைந்துவிட்டால் பொருளாதாரம் வேலையின்மையிலேயே தேங்கி நிற்கக்கூடும் என்று 1936இல் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் வாதிட்டதிலிருந்துதான் பேரியல் தனித் துறையாக உருப்பெற்றது. அதற்காகச் சேமிப்பே கேடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆலைகளும் ஆட்களும் முழுமையாக வேலையில் இருக்கும் காலத்தில், புதிய முதலீட்டுக்கு வேண்டிய வளத்தை விடுவிப்பது சேமிப்புதான். காலம் எது என்பதைப் பொறுத்து மருந்து மாறுகிறது.

மந்தக் காலத்தில் அரசு செலவிட வேண்டும் என்ற வாதத்தின் உயிர் பெருக்கியில், அதாவது ஒரு செலவு கைமாறிக் கைமாறி மொத்த வருமானத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்ற அளவில், இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலைத் திட்டத்தில் குளம் வெட்டியவருக்கு 100 ரூபாய் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் 80 ரூபாயைச் செலவிடுகிறார். அதைப் பெற்றவர் 64ஐச் செலவிடுகிறார். இப்படியே போனால் மொத்த வருமானம் 500 ரூபாய் கூடும் என்று பாடத்தில் போட்டுக் காட்டுவார்கள். நான்குநேரிப் பக்கத்தில் ஒரு சிற்றூரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மிகை. அந்த 80இல் பாதி, வெளியூரில் தயாரான சோப்புக்கும் எண்ணெய்க்கும் கைப்பேசி ரீசார்ஜுக்கும் போய்விடும். ஊருக்குள் சுழல்வது 40 மட்டுமே என்றால் 100 ரூபாய்க்கு 167 ரூபாய்தான் ஊரின் வருமானம் கூடும். நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் கசிவு குறைவு, பெருக்கி பெரிது. எந்த எல்லைக்குள் கணக்கிடுகிறோம் என்று சொல்லாமல் பெருக்கியைப் பேசுவது வீண்.

அந்த மொத்த வருமானத்தை அளக்கும் கருவி மொத்த உள்நாட்டு உற்பத்தி. கோரைப்புல்லை ஒருவர் 200 ரூபாய்க்கு விற்கிறார். பத்தமடையில் அதை நெய்து வியாபாரிக்கு 700 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். வியாபாரி பாயை 1,000 ரூபாய்க்கு விற்கிறார் என்றால், 1,900 என்று கூட்டக் கூடாது. 200, 500, 300 என்று ஒவ்வொரு கட்டத்திலும் கூடிய மதிப்பைக் கூட்டினால் 1,000. இறுதிப் பொருளின் விலையும் அதே 1,000. வழியில் இருந்தவர்களுக்குக் கூலியாகவும் லாபமாகவும் வட்டியாகவும் வாடகையாகவும் போனதும் அதே 1,000. உற்பத்தி, செலவு, வருமானம் என்ற மூன்று முறைகள் இவையே. திண்ணையில் பெண் சுற்றும் பீடி இதில் சேரும். அதே திண்ணையிலிருந்து எழுந்துபோய் அவள் சமைக்கும் சோறு சேராது. இது இந்த அளவீட்டின் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

இந்த அளவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, வீடுகளும் ஆடுமாடுகளும் கடைச் சரக்கும் போயின. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஓராண்டில் ஓடி வருவதன் அளவு. ஏற்கெனவே சேர்த்து வைத்த வீடு இடிந்தால் அதில் ஒன்றும் கழியாது. மூழ்கிய வாழையும் நெல்லும் அந்த ஆண்டு விளைச்சலாக வந்திருக்க வேண்டியவை என்பதால் அவை குறையும். இடிந்த வீட்டை மீண்டும் கட்டும் கொத்தனார் கூலியும் சிமெண்டும் உற்பத்தியாகச் சேரும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் மாநில அரசு குடும்பத்துக்குக் கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் வெறும் கைமாற்றம், அதனால் சேராது; அந்தப் பணத்தில் வாங்கிய பாத்திரம் சேரும். ஆக, ஒரு பேரழிவுக்குப் பிந்தைய மாதங்களில் அளவு உயரவும் கூடும். மக்கள் முன்னிருந்த நிலைக்குத் திரும்பப் பாடுபடுகிறார்கள் என்பதை அந்த எண் காட்டாது.

பணவீக்கம் என்பது ஒரு பொருளின் விலை ஏறுவதைக் குறிக்காது. பொது விலைமட்டம் தொடர்ந்து ஏறுவதைக் குறிக்கும். பீடிக் கூலி நூற்றுக்கு 5 கூடி, வீட்டுச் செலவு நூற்றுக்கு 7 கூடினால், கையில் நோட்டு கூடியிருந்தும் உண்மைக் கூலி ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்துவிட்டது. இனி உங்கள் வட்டிக் கேள்வி. 2016இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து ஆறு பேர் கொண்ட நாணயக் கொள்கைக் குழு ரெப்போ வட்டியை முடிவு செய்கிறது. சில்லறைப் பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், மேலும் கீழும் 2 விட்டு, நிறுத்துவது அதன் பொறுப்பு. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனின் வட்டியே ரெப்போ. அது ஏறினால் வீட்டுக் கடனும் வண்டிக் கடனும் தொழிற்கடனும் சிறிது காலத்தில் ஏறும். கட்டுவதையும் வாங்குவதையும் விரிவாக்குவதையும் பலர் தள்ளிப்போடுவார்கள். மொத்தத் தேவை தணியும். விலை ஏற்றம் மெல்ல அடங்கும். 2022 மே மாதத்துக்கு முன் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக ஏற்றப்பட்டது.

தக்காளிக்காக அந்த வட்டி ஏறுவதில்லை என்பதே நேரான விடை. 2023 ஜூலையில் நாடெங்கும் தக்காளி விலை முந்தைய ஆண்டு விலையின் மூன்று மடங்கை எட்டியது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் அப்போது நூற்றில் ஏறத்தாழ 46 பங்கு எடை இருந்தது. அதனால் சில்லறைப் பணவீக்கம் 7.44 விழுக்காடாகத் தாவியது. அந்த ஆகஸ்டில் கூடிய குழுவோ வட்டியை 6.5லேயே வைத்தது. காரணம் நீங்கள் வீட்டில் பார்த்துப் பழகியதுதான்: தட்டுப்பாடு அளிப்பில், தேவையில் இல்லை. வட்டியை ஏற்றினால் செடி காய்த்துவிடாது. விலையைப் பார்த்து நட்டவர்களின் காய் இரண்டு மூன்று மாதத்தில் வந்து சேரும். வந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 5.02 ஆக இறங்கியது. ஆனால் இப்படிப்பட்ட ஏற்றம் நீண்டு, ஓட்டல்காரர் சாப்பாட்டு விலையையும் தொழிலாளர் கூலியையும் ஏற்றத் தொடங்கி, இனி எல்லாமே ஏறத்தான் போகிறது என்று மக்கள் நம்பிவிட்டால், அது தக்காளிச் சந்தையின் செய்தியாக இராது. பொது விலைமட்டத்தின் செய்தியாகிவிடும். அப்போது வட்டி ஏறும். அதன் சுமை, தக்காளிக்குச் சம்பந்தமே இல்லாத வீடு கட்டுபவர்மேலும் விழும்.

வட்டி உங்கள் ஊரை வேறொரு வழியாகவும் வந்தடைகிறது. அமெரிக்காவில் வட்டி ஏறி இங்கே ஏறாவிட்டால் முதலீடு டாலரை நோக்கிப் போகும், ரூபாய் மதிப்பு இறங்கும். துபாய் திர்ஹமும் சவூதி ரியாலும் டாலரோடு நிலையாகப் பிணைக்கப்பட்டவை. ஆகவே ரூபாய் இறங்கினால் வளைகுடாவில் வேலை செய்பவர் அனுப்பும் பணம் வந்து சேரும் கடையநல்லூர் வீட்டுக்கு அதே திர்ஹமுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். வெளிநாடுகள் எல்லாவற்றிலிருந்தும் 2022இல் இந்தியாவுக்கு இப்படி அனுப்பப்பட்ட பணம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வீட்டைப் பொறுத்தவரை ரூபாயின் வீழ்ச்சி ஆதாயம். நாடோ கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேலும், சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும் வெளியிலிருந்து வாங்குகிறது. ரூபாய் இறங்கினால் லாரி டீசலின் அடக்கமும் பாமாயிலின் அடக்கமும் ஏறும். புளியரை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டியின் வாடகையில் அது சேர்ந்தால், சந்தையில் உங்கள் பெட்டிக்கு வியாபாரி கொடுக்க முன்வரும் விலையிலிருந்து அந்த அளவு கழியும்.